புரொஜெக்டர் கோளாறுகளும் அவற்றைக் கண்டறிதலும்

புரொஜெக்டர் அல்லது எண்ணிமப் படவீழ்த்தி என்பது கணினி, கேமரா, கைப்பேசி போன்றவற்றிலிருந்து வரும் படத்தை ஒளியாக மாற்றித் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி ஆகும். பள்ளி வகுப்பறை, திருமண மண்டபம், அலுவலகக் கூட்ட அறை, தொழிற்சாலைப் பயிற்சி அறை எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது. இதில் ஏற்படும் கோளாறுகள் பலவற்றைக் கருவியைத் திறக்காமலே கண்டறிய முடியும். படம் மங்கினாலும், நின்றாலும், நிறம் மாறினாலும் "பல்பு போய்விட்டது" என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் கம்பி, அறையின் வெளிச்சம், தூசி, மின்சாரம் ஆகிய நான்கையும் பார்த்த பிறகே விளக்கைச் சந்தேகிக்க வேண்டும். விளக்குதான் இவற்றில் விலை கூடியது. மற்ற நான்கும் பெரும்பாலும் செலவில்லாமல் சரியாகிவிடும்.

வல்லம் வடகால் பகுதியில் இதன் தேவை

வல்லம் வடகால், காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ள ஊராகும். இங்கு சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆலை 2017இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அருகிலுள்ள ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் கனரக வாகன ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறந்துவைக்கப்பட்டது. புதிதாக வேலைக்குச் சேருவோர் எவ்வளவு பேர் இந்தப் பகுதிக்கு வருகின்றனர் என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

புதியவர்களுக்கு முதல் நாள் வகுப்பு பயிற்சி அறையில்தான் நடக்கும். எந்த இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் எந்த வாசல் வழியே வெளியேற வேண்டும், எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடும் என்பவை திரையில் படமாகக் காட்டப்படுகின்றன. தொழிற்சாலைகள் சட்டம் 1948இல், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 111அ பிரிவு, உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கு எழுத்தைவிடப் படமும் நிறமுமே பாடம் சொல்கின்றன. ஆகவே அந்த அறையில் புரொஜெக்டர் நின்றுபோவது ஒரு சிரமம் மட்டுமே. அது நிற்காமல், தவறாகக் காட்டிக்கொண்டே ஓடுவது அதைவிடக் கெடுதல். அது எப்படி என்பது கீழே நிறம் பற்றிய பகுதியில் விளக்கப்படுகிறது.

கருவியின் இரண்டு வகைகள்

பயிற்சி அறைகளில் காணப்படும் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வகையைச் சேர்ந்தவை. முதலாவது டிஎல்பி வகை. இதன் உள்ளே நகத்தளவு சில்லின் மீது லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் இருக்கும். 1024×768 பிரிதிறன் கொண்ட சில்லில் 7,86,432 கண்ணாடிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 பாகை சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்பும் அல்லது விலக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லாரி ஹார்ன்பெக் 1987இல் இதை உருவாக்கினார். நிறத்துக்காக, சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் துண்டுகள் பொருத்திய சிறு சக்கரம் ஒன்று விளக்கின் முன்னால் வேகமாகச் சுழலும்.

இரண்டாவது 3எல்சிடி வகை. இதில் சக்கரம் இல்லை. வெள்ளை ஒளி மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டு, தனித்தனியே மூன்று திரவப் படிகத் தகடுகளின் வழியே சென்று, ஒரு பட்டகத்தில் மீண்டும் இணைகிறது.

கருவியில் எந்த வகை என்று எழுதியிருக்காவிட்டால், வெள்ளைத் திரை ஓடும்போது லென்சுக்கு முன்னால் விரல்களை விரித்து வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். நிழலின் ஓரங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் தெறித்தால் அது ஒற்றைச் சில்லு டிஎல்பி. சாதாரண நிழல் மட்டும் விழுந்தால் 3எல்சிடி. எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் தூசி, புள்ளி, கறை ஆகியவை இரண்டிலும் வேறுவேறு விதமாகத் தோன்றும்.

முதல் சோதனை

எந்தக் கோளாறானாலும் முதலில் புரொஜெக்டரின் மெனு பொத்தானை அழுத்த வேண்டும். மெனுவின் எழுத்துகளும் நிறங்களும் கணினியிலிருந்து வருபவை அல்ல. கருவியே உள்ளிருந்து வரைந்து காட்டுபவை. எனவே மெனு தெளிவாகவும் சரியான நிறத்திலும் தெரிந்து, படம் மட்டும் கெட்டிருந்தால், குறை கம்பியிலோ கணினியிலோ உள்ளது. மெனுவும் சேர்ந்து கெட்டிருந்தால் குறை விளக்கு, லென்ஸ், சில்லு அல்லது தகட்டில் உள்ளது. பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படமே வராத நிலை

கருவி எரிகிறது, திரையில் நீல நிறமோ "சிக்னல் இல்லை" என்ற வாசகமோ தெரிகிறது என்றால் விளக்கில் குறை இல்லை. உள்ளீடு தவறாகத் தேர்வாகியிருக்கலாம். எச்டிஎம்ஐ 1இல் கம்பியைச் செருகிவிட்டு, கருவி எச்டிஎம்ஐ 2இல் நிற்பது அடிக்கடி நடப்பது. விண்டோஸ் மடிக்கணினியில் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். அதில் "நகல்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மடிக்கணினியில் உள்ளதே திரையிலும் தெரியும். "நீட்டிப்பு" நிலையில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரிந்து, பயிற்சியாளர் தேடும் கோப்பு மடிக்கணினியிலேயே நின்றுவிடும்.

திரை முழுக்கக் கருப்பாக இருந்து, கருவியின் விளக்கு எரிவது காற்றுத் துளை வழியே தெரிந்தால், லென்ஸ் மூடியையும் ரிமோட்டில் உள்ள படத்தை மறைக்கும் பொத்தானையும் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்ஐ இணைப்பில் கணினியும் புரொஜெக்டரும் முதலில் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. எந்தப் பிரிதிறனை ஏற்க முடியும் என்ற விவரத்தைப் புரொஜெக்டர் அனுப்ப, கணினி அதற்கேற்ற படத்தைத் தரும். நடுவில் பிரிப்பான் பெட்டியோ மலிவான மாற்றியோ இருந்தால் இந்த அறிமுகம் தடைபடலாம். கம்பியைக் கழற்றி, புரொஜெக்டரை முதலில் இயக்கி, பிறகு கணினியை இணைத்தால் பல நேரங்களில் படம் வந்துவிடும். வராவிட்டால் கணினியின் பிரிதிறனை 1280×720 எனக் குறைத்துப் பார்க்கலாம்.

கம்பியின் நீளத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புரொஜெக்டர் மேசையிலிருந்து ஐந்து மீட்டர் தொலைவில்தான் தொங்கும். ஆனால் கம்பி மேசையிலிருந்து சுவருக்குச் சென்று, சுவர் வழியே ஏறி, பொய்க்கூரைக்கு மேலே சுற்றி வரும்போது 15 மீட்டரைத் தொட்டுவிடும். சாதாரணச் செம்புக் கம்பியில் 10 மீட்டருக்கு மேல் முழு எச்டி படம் தடுமாறத் தொடங்கலாம். திரையில் வெள்ளைப் பொறிகள் தெறிப்பதும், சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மறைந்து வருவதும் இதன் அறிகுறிகள். இரண்டு மீட்டர் கம்பியை நேரடியாகப் புரொஜெக்டரில் செருகிப் பார்த்துப் படம் சீராக நின்றால், குறை நீளக் கம்பியில்தான். நீண்ட தூரத்துக்கு ஒளியிழை எச்டிஎம்ஐ கம்பி ஏற்றது. அதில் கணினிப் பக்க முனை, திரைப் பக்க முனை என்று குறிக்கப்பட்டிருக்கும். தலைகீழாக இழுத்துவிட்டால் படம் வராது. கூரைக்குள் பதித்து மூடிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு என்பதால், இழுப்பதற்கு முன் தரையில் வைத்தே சோதிப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட திரைப்படம் அல்லது ஓடிடி காணொளி மட்டும் கருப்பாகத் தெரிந்தால், அது பதிப்புரிமைப் பூட்டின் வேலை. கருவியில் குறை இல்லை. படம் வந்து ஒலி வராவிட்டால், ஒலி எச்டிஎம்ஐ வழியாகப் புரொஜெக்டரின் சிறு ஒலிபெருக்கிக்குப் போயிருக்கும். கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்ற வேண்டும்.

நிறம் மாறுதல்

பழைய பயிற்சி அறைகளில் விஜிஏ கம்பிகள் இன்னும் உள்ளன. நீல நிறத் தலையும் இரு பக்கமும் திருகும் கொண்ட இக்கம்பியில் 15 ஊசிகள் இருக்கும். முதல் ஊசி சிவப்பையும், இரண்டாவது பச்சையையும், மூன்றாவது நீலத்தையும் தனித்தனியே கொண்டு செல்கின்றன. அவசரத்தில் செருகும்போது ஒரு ஊசி வளைந்தாலோ, கம்பிக்குள் ஓர் இழை அறுந்தாலோ, அந்த ஒரு நிறம் மட்டும் படத்திலிருந்து போய்விடும். வெள்ளைப் பக்கம் எந்த நிறத்தில் தெரிகிறது என்பதை வைத்து எது போயிற்று எனச் சொல்லலாம். சிவப்பு போனால் வெள்ளை இளநீலப்பச்சையாகும். பச்சை போனால் கருஞ்சிவப்பு ஊதாவாகும். நீலம் போனால் மஞ்சளாகும்.

எழுத்துகள் படிக்கும்படியாகவே இருப்பதால், "கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, பரவாயில்லை" என்று வகுப்பைத் தொடர்ந்துவிடுவார்கள். பாதுகாப்பு வகுப்பில் இது பரவாயில்லை என்று விடக்கூடியதன்று. சிவப்பு இழை அறுந்த படத்தில் சிவப்பு நிறம் கருப்பாகத் தெரியும். மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து உண்டாவது. சிவப்பு இல்லாதபோது அது பச்சையாகிவிடும். இந்தியாவில் மும்முனை மின்கம்பிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களும், நியூட்ரலுக்குக் கருப்பும், எர்த் கம்பிக்குப் பச்சையும் வழக்கம். ஆக, அந்தத் திரையில் மின்சாரம் ஓடும் சிவப்புக் கம்பி நியூட்ரலாகவும், மஞ்சள் கம்பி எர்த்தாகவும் காட்சி தரும். தடையைக் குறிக்கும் சிவப்பு வட்டம் கருப்பு வட்டமாகும். எச்சரிக்கையைக் குறிக்கும் மஞ்சள் முக்கோணம், பாதுகாப்பான வழியைக் காட்டும் பச்சை நிறத்தை எடுத்துக்கொள்ளும். கம்பியின் பொருளை முதன்முறையாகக் கற்பவர் தாம் பார்ப்பது தவறான நிறம் என்று அறிய வழியே இல்லை.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. எந்தப் பாடத்தின் முதல் பக்கத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கருப்பு, வெள்ளை ஆகிய ஆறு பட்டைகளை வைத்து, அவற்றின் பெயர்களை அருகில் எழுதிவைக்கலாம். பெயரும் நிறமும் பொருந்தாவிட்டால் வகுப்பைத் தொடங்குவதற்கு முன் கம்பியை மாற்றிவிடலாம். எச்டிஎம்ஐ கம்பியில் ஒற்றை நிறம் மட்டும் மறைவது அரிது. அதில் கோளாறு வந்தால் பெரும்பாலும் முழுப் படமுமே பாதிக்கப்படும்.

மெனுவிலும் ஒரு நிறம் இல்லையெனில் கம்பி காரணமன்று. 3எல்சிடியில் ஒரு தகடோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கும். டிஎல்பியில் நிறச் சக்கரம் காரணமாகலாம். இரண்டும் பழுதுநீக்குநர் பார்க்க வேண்டியவை.

கம்பியும் கருவியும் சரியாக இருக்கும்போதும் நிறம் மாற இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று விண்டோசின் "இரவு விளக்கு" வசதி. மாலை ஆனதும் திரையைச் செம்மஞ்சளாக்கும்படி மடிக்கணினியில் இது அமைக்கப்பட்டிருந்தால், காலை ஷிப்டில் சரியாக இருந்த படம் இரண்டாம் ஷிப்டில் பழுப்பேறித் தெரியும். மற்றொன்று டிஎல்பி கருவியின் "பிரைட்" முறை. பல டிஎல்பி கருவிகளின் நிறச் சக்கரத்தில், வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக நிறமற்ற துண்டு ஒன்றும் இருக்கும். அது வெள்ளையை மட்டும் உயர்த்துவதால் மஞ்சள் கடுகு நிறமாகவும், சிவப்பு செங்கல் நிறமாகவும் தாழ்ந்து தெரியும். நிறம் முக்கியமான பாடங்களுக்கு மெனுவில் "எஸ்ஆர்ஜிபி" அல்லது "போட்டோ" முறைக்கு மாற்றினால் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் நிறம் நேராகும்.

வெளிச்சம் போதாமை

"படம் மங்கிவிட்டது" என்பதே அதிகம் கேட்கப்படும் குறை. புதிய விளக்கு வாங்கும் செலவும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும்.

3000 லூமன் வெளிச்சம் கொண்ட கருவி, 4:3 விகிதத்தில் 100 அங்குலத் திரையை நிரப்புவதாகக் கொள்வோம். திரையின் பரப்பு ஏறக்குறைய 3.1 சதுர மீட்டர். ஆகவே வெள்ளைப் பகுதியில் விழும் ஒளி சுமார் 970 லக்ஸ். அறையின் குழல்விளக்குகள் அனைத்தும் எரியும்போது அதே திரையில் 300 லக்ஸ் விழுந்தால், கருப்பு எழுத்தும் 300 லக்ஸ் வெளிச்சத்தில்தான் நிற்கும். புரொஜெக்டரால் கருப்பை உண்டாக்க முடியாது. ஒளி போடாமல் இருக்க மட்டுமே முடியும். வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு 1270க்கு 300, அதாவது ஏறக்குறைய 4 மடங்குதான்.

இப்போது அதே விளக்கு ஆயுள் முடியும் நிலையில் பாதி வெளிச்சமே தருவதாகக் கொள்வோம்: 485 லக்ஸ். ஆனால் திரைக்கு அருகிலுள்ள முன்வரிசைக் குழல்விளக்குகளை மட்டும் அணைத்ததால் திரையில் விழும் அறை ஒளி 50 லக்சாகக் குறைந்துவிட்டது. வேறுபாடு 535க்கு 50, ஏறக்குறைய 11 மடங்கு. எல்லா விளக்கும் எரியும் அறையில் புதிய பல்பு தருவதைவிட, முன்வரிசை அணைந்த அறையில் பழைய பல்பு தெளிவாகக் காட்டுகிறது. பின்வரிசை விளக்குகள் எரிவதால் குறிப்பெடுப்பவர்களுக்கும் இடையூறில்லை. ஒரே சுவிட்சில் எல்லா விளக்கும் இணைக்கப்பட்ட அறையில், முன்வரிசைக்குத் தனிச் சுவிட்ச் வைக்க எலக்ட்ரீஷியனுக்கு ஆகும் கூலி ஒருமுறைச் செலவு. புரொஜெக்டர் விளக்கு திரும்பத் திரும்ப வரும் செலவு.

இதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால், கருவி "ஈகோ" முறையில் ஓடுகிறதா, லென்சில் தூசிப் படலமோ விரல் ரேகையோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். லென்சைக் கேமரா கடைகளில் கிடைக்கும் மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். பனியன் துணியும் டிஷ்யூ தாளும் கீறலை உண்டாக்கும். இணையத்தில் குறைந்த விலைக்கு விற்கும் சிறு எல்இடி கருவிகளின் மீது அச்சிட்ட பெரிய லூமன் எண்களை நம்பி ஒப்பிடுவது வீண். ஐஎஸ்ஓ 21118 அல்லது ஆன்சி முறையில் அளந்த எண்ணையே ஒப்பிட வேண்டும்.

சூடும் தூசியும்

இயக்கிய 10 முதல் 20 நிமிடத்துக்குள் தானாக அணைந்து, ஆறிய பின் மீண்டும் இயங்கி, மீண்டும் அணையும் கருவியில் பெரும்பாலும் காற்றோட்டமே குறை. வெப்பத்தைக் குறிக்கும் சிறு விளக்கு சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ மின்னும். கருவி பழுதானதாக இதைக் கொள்ளக் கூடாது. தன்னைக் காத்துக்கொள்ளவே அது அணைகிறது.

புரொஜெக்டர்கள் பொதுவாக 35 அல்லது 40 பாகை செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. கத்திரி வெயில் காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வெளி வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. அறையில் ஏசி ஓடினாலும் குளிர்காற்று கீழே தங்கும். கருவி தொங்குவதோ சூடு தேங்கும் கூரையருகில். ஞாயிறு முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையைத் திங்கள் காலை திறந்து, ஏசியையும் புரொஜெக்டரையும் ஒன்றாக இயக்கினால், அரைமணியில் கருவி அணைவதில் வியப்பில்லை. திருட்டுக்குப் பயந்து கருவியைச் சுற்றி இரும்புப் பெட்டி அடித்து மாட்டும் பழக்கமும் உண்டு. பெட்டி காற்று வெளியேறும் பக்கத்தை மறைத்தால், வெளியே போகும் சூடான காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படும். சுற்றிலும் 30 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

தூசியின் பங்கு இப்பகுதியில் கூடுதல். தொடர்ந்து நடக்கும் கட்டுமானங்களும், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிச் செல்லும் லாரிகளும் எழுப்பும் புழுதி வடிகட்டியில் படிகிறது. பட்டறைத் தளத்தையொட்டிய அறையானால் வெட்டும் இயந்திரங்களின் எண்ணெய்ப் புகையும் சேரும். எண்ணெயில் ஒட்டிய தூசி உலர்ந்த தூசியைப் போல உதறினால் விழாது. கையேட்டில் குறித்த கால அளவு சுத்தமான அலுவலக அறையை மனத்தில் கொண்டது. இங்கே மாதம் ஒருமுறை வடிகட்டியைப் பார்ப்பதே பொருத்தம்.

கருவியை அணைத்து, மின்விசிறி நின்று, மின்கம்பியைக் கழற்றிய பிறகு வடிகட்டியை உருவி, அறைக்கு வெளியே கொண்டுபோய் மென்மையான தூரிகையாலோ சிறு வேக்குவம் கிளீனராலோ சுத்தம் செய்யலாம். கழுவலாம் என்று கையேடு சொன்னால் மட்டுமே கழுவ வேண்டும். ஈரம் காயும் வரை வடிகட்டி இல்லாமல் ஓட்டக் கூடாது. குறிப்பாக 3எல்சிடியில் தூசி நேராகத் தகடுகளில் போய் உட்காரும். மாற்று வடிகட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனமே.

தொழிற்சாலைகளில் நடக்கும் தவறு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பட்டறையில் ஏர் கன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், புரொஜெக்டரின் காற்றுத் துளையில் அதை வைத்து ஊதிவிடுவார்கள். கம்ப்ரசர் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கும். அழுத்தம் வடிகட்டியில் இருந்த தூசியை லென்ஸ், தகடுகள் வரை தள்ளிவிடும். மின்விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் தேயும். வெளியே சுத்தமாகத் தெரிந்த கருவி சில வாரங்களில் கறை படிந்த படத்தைக் காட்டத் தொடங்கும்.

மின்தடை

சாதாரண விளக்குப் புரொஜெக்டரில் இருப்பது பாதரச ஆவி விளக்கு. எரியும்போது அதன் சிறு குவார்ட்சு குமிழுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 200 வளிமண்டலத்தைத் தொடும். அணைத்த பிறகும் மின்விசிறி ஒன்றிரண்டு நிமிடம் ஓடுவது இந்தக் குமிழைக் குளிர்விக்கவே. திடீரென மின்சாரம் போனால் விசிறியும் நின்றுவிடும். சூடு உள்ளேயே அடைபடும். இது பலமுறை நேர்ந்தால் விளக்கின் ஆயுள் குறையும். விசிறி ஓடும்போதே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புவதும் இதே கெடுதலைச் செய்கிறது.

மின்தடையின்போது ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளச் சில நொடிகள் ஆகும். மின்சாரம் உடனே வந்துவிட்டாலும் புரொஜெக்டர் எரியாது. சூடான குமிழுக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பொறி பற்றாது என்பதே காரணம். இந்த நேரத்தில் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் தானே எரியும். பழுது என்று எண்ணிக் கருவியைக் கழற்றி அனுப்புவதும் தேவையில்லாத வேலை. 300 வாட் அளவிலான புரொஜெக்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் இருந்தால், ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்கும். முறையாக அணைக்கவும் நேரம் கிடைக்கும்.

கணினி ஒரு சுவரிலும், புரொஜெக்டர் வேறொரு சுற்றிலும் மின்சாரம் எடுக்கும் அறைகளில், விஜிஏ படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருப்பதைக் காணலாம். இரண்டு எர்த் இணைப்புகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடே இதற்குக் காரணம். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பட்டைகள் மறையும். மறைந்துவிட்டால் அத்துடன் விட்டுவிடாமல், அறையின் எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்வது நல்லது.

விளக்கை மாற்றுதல்

கம்பி, அறை ஒளி, தூசி, மின்சாரம் நான்கும் சரியாக இருந்தும் படம் மங்கலாக இருந்தாலோ, படம் நடுங்கினாலோ, இயக்கும்போது விளக்கு பற்றாமல் அணைந்தாலோ விளக்கின் மணிக்கணக்கை மெனுவில் பார்க்க வேண்டும். பாதரச விளக்குகளின் ஆயுள் பொதுவாக 3000 முதல் 5000 மணி. வெளிச்சம் பாதியாகக் குறையும் காலமே ஆயுள் எனக் கணக்கிடப்படுகிறது. லேசர் ஒளி கொண்ட புதிய கருவிகள் ஏறக்குறைய 20,000 மணி வரை தாங்கும். அவற்றில் மாற்ற வேண்டிய விளக்கு இல்லை.

மாற்றும்போது கருவியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். குவார்ட்சுக் குமிழை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பலவீனமாகும். புதிய விளக்கைப் போட்ட பிறகும் கருவி உயிர்பெறாவிட்டால் விளக்கு மூடியைப் பார்க்க வேண்டும். மூடி முழுமையாக அழுந்தாவிட்டால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கருவியை இயங்க விடாது. மணிக்கணக்கைப் பூச்சியமாக்குவது விளக்கை மாற்றிய பிறகே செய்ய வேண்டியது. எச்சரிக்கை வாசகம் தொல்லை தருகிறது என்று பழைய விளக்கிலேயே கணக்கை அழித்துவிட்டு ஓட்டினால் குமிழ் வெடிக்கும் வாய்ப்பு கூடும்.

விளக்கு வெடித்தால் படீரென்ற ஒலி கேட்கும். உள்ளிருக்கும் பாதரசம் ஆவியாக வெளிவரக்கூடும் என்பதால் எல்லோரும் வெளியேறி, சன்னல்களைத் திறந்து, காற்றோட்டம் உண்டான பிறகே உள்ளே வர வேண்டும். ஏசியை அணைத்துவிட வேண்டும். துண்டுகளை வேக்குவம் கிளீனரால் இழுக்கக் கூடாது. அது பாதரச ஆவியை அறை முழுக்கப் பரப்பும்.

புள்ளி, கறை, ஓசை

டிஎல்பி படத்தில் நகராத வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால், அந்த நுண்கண்ணாடிகள் திரைப் பக்கம் சாய்ந்தபடியே சிக்கிக்கொண்டன என்று பொருள். கருப்புப் புள்ளியானால் எதிர்ப் பக்கம் சிக்கியவை. ஒன்றிரண்டாகத் தொடங்கி நட்சத்திரக் கூட்டம் போலப் பெருகும். சில்லை மாற்றுவதே தீர்வு. சூடு இதை விரைவுபடுத்தும் என்பதால், புள்ளிகள் வந்த கருவியின் காற்றோட்டத்தைப் பார்க்காமல் சில்லை மட்டும் மாற்றுவது பலன் தராது.

3எல்சிடியில் பச்சையாகவோ நீலமாகவோ மங்கலான பொட்டு தெரிந்து, குவியத்தைத் திருப்பும்போது அது கூர்மையானால், ஒரு தகட்டின் மீது தூசி உட்கார்ந்துள்ளது. பழுதுநீக்குநர் சுத்தம் செய்ய முடியும். ஓரத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ பரவி நிற்கும் கறை வேறு: சூட்டில் ஒளிமுனைவாக்கித் தகடு கருகியிருக்கும், அது சுத்தம் செய்தால் போகாது.

டிஎல்பி இயங்கத் தொடங்கும்போது கிரீச்சென்ற ஓசை வந்தால் நிறச் சக்கரத்தின் பேரிங் தேய்ந்துவிட்டது. மிக வேகமாகச் சுழலும் அச்சக்கரம் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் உள்ளே சிதறும் என்பதால், ஓசை கேட்டதுமே பழுதுபார்க்கத் தர வேண்டும்.

படத்தின் வடிவம்

மேலே அகலமாகவும் கீழே குறுகியும் படம் விழுந்தால் "கீஸ்டோன்" பொத்தானை அழுத்திச் சரிசெய்வது வழக்கம். இது படத்தைக் கணக்கிட்டுச் சுருக்கும் வேலையாதலால் எழுத்துகள் பிசிறடிக்கும். வெளிச்சத்திலும் ஒரு பங்கு வீணாகும். கருவியைத் திரைக்கு நேராக மாட்டி, கீஸ்டோனைப் பூச்சியத்தில் வைப்பதே சரி. தலைகீழாகத் தெரிந்தால் மெனுவில் கூரை அமைப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரிமோட் வேலை செய்யாவிட்டால், அதன் முனையைக் கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்தலாம். ஊதா நிற ஒளி மின்னினால் ரிமோட் நலம். கருவியின் உணரி தூசியால் மறைந்திருக்கலாம்.

பழைய விளக்கும் கருவியும்

நிறச் சக்கரம், சில்லு, ஒளிமுனைவாக்கி ஆகியவற்றில் இரண்டு ஒன்றாகக் கெட்டால் புதிய கருவி வாங்குவதே பெரும்பாலும் மலிவு. கழித்த விளக்குகளையும் கருவியையும் காயலான் கடையில் போடக் கூடாது. பாதரசம் உள்ள விளக்குகள் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன் கீழ் வருகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்விதிகளின்படி, அவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அதுவரை பழைய விளக்கை, புதியது வந்த அட்டைப் பெட்டியிலேயே உடையாமல் வைத்திருக்கலாம்.